அப்பா தட்டிப் பார்த்து வாங்கிய பலகை

போன வாரம் காலை மேசைப்பந்து ஆட்டம் முடிந்து, நாமெல்லாம் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். "நான் இனிமே அடிச்சுத்தான் ஆடப் போறேன். என்ன பலகை வாங்கலாம், சொல்லுங்க லா." எழுபது வயதுக்கு மேல் அடித்து ஆடப் போகிறாராம். எல்லோரும் சிரித்தோம். நான் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டேன். மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பீர்கள். அசதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் எனக்கு எதற்கெடுத்தாலும் அசதிதான்.

பதில் சின்னதுதான். மட்டையில் ரப்பர் தனி, மரம் தனி. வெறும் மரத்தைத்தான் பலகை என்கிறோம். அடித்து ஆடுகிறவருக்கு அது விறைப்பாக இருக்க வேண்டும். பந்து அதில் தங்கக் கூடாது, பட்டதும் கிளம்ப வேண்டும். தடுத்து ஆடுகிறவருக்கு நேர்மாறு. முகம் அகலமாக, மரம் மெத்தென்று, எதிராளியின் வேகத்தை விழுங்குவதாக இருக்க வேண்டும். இவ்வளவையும் பார்ப்பதற்கு முன்னால் பிடியைப் பாருங்கள். அது உங்கள் கைக்கான பிடியா என்று பாருங்கள். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் நேரமாகும். அன்றைக்கு அதற்குத் தெம்பில்லை. இன்று மழை, ஆட்டமும் இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஓர் அறையில் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், தங்கை. கீழே மாவு மில். பகல் முழுக்கத் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும், படிக்கட்டில் மிளகாய் நெடி ஏறும். விருந்தாளிகள் தும்மிக்கொண்டே மேலே வருவார்கள். எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. இன்றும் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வராது, அந்த அறைதான் வரும்.

அப்பாவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வின்ச் ஓட்டியவர். கீழே நிற்பவன் கை அசைப்பதைப் பார்த்து மேலே சரக்கை ஏற்றி இறக்கவேண்டும்; கண் கூர்மையாக இருக்க வேண்டிய வேலை. அந்த வருடத்துக்கு முந்தைய வருடம் அவர் கண்ணில் மங்கல் விழுந்துவிட்டது. கங்காணி இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார், மூன்றாவது தடவை வின்ச்சிலிருந்து இறக்கிவிட்டார். கோடவுனில் மூட்டை அடுக்கும் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். பார்க்க முடியாதவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் மாட்டேன் என்றார்.

ஆனால் தேக்கா மார்க்கெட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பொருள் பொறுக்குவதில் மனிதர் கெட்டிக்காரர். பலாப்பழத்தை விரலால் தட்டுவார், காதைச் சாய்ப்பார், "இது நாளைக்கு" என்பார். மறுநாள்தான் அது பழுக்கும். மண்சட்டி, தேங்காய், மரப்பலகை, வாங்கப்போகிற நாற்காலி, எதுவானாலும் அக்கம்பக்கத்தார் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "அண்ணே, கொஞ்சம் தட்டிப் பாத்துச் சொல்லுங்க." கண் போன பிறகு இந்தத் தட்டிப் பார்ப்பது ஒன்றுதான் அவரிடம் மிச்சம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது செய்த முட்டாள்தனம் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

பள்ளியில் எங்களுக்கு ஒரே ஒரு மேசை. மண்டபத்தின் ஓரத்தில், பியானோவுக்குப் பக்கத்தில் கிடக்கும். பள்ளிக்கூடத்து மட்டைகளில் ரப்பர் தேய்ந்து வழுக்கையாகிவிட்டிருந்தது. அதிலேயே நான் அடிப்பேன். பந்து எழும்பினால் போதும், எனக்குக் கை நிற்காது. மேசைப்பந்து சொல்லிக்கொடுத்த டீச்சர், கைகுலுக்குவதுபோல மட்டையைப் பிடிக்கச் சொல்லித்தந்தவர், ஒரு நாள் என்னை அழைத்துச் சொன்னார். குழுவில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்களாம். நாலாவது இடத்துக்கு நானும் என் ஜோடியும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆட வேண்டும், யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் மற்றப் பள்ளிகளுக்கு எதிராக ஆடப் போகலாம். "உன் கைக்கு இந்த மட்டை ஆகாது. அடிக்கிறவளுக்கான பலகையா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார்.

ஜோடி என்றேனே, அவள் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் கூடை விற்கும் சீனர் வீட்டுப் பெண். தெருவிலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள், திட்டுவதற்கு அம்மாக்களிடமிருந்தே வார்த்தை பொறுக்கியிருந்தாள். அவளும் அடித்து ஆடுகிறவள்தான். ஆனால் அவள் பிடி வேறு. பேனாவைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னால் வளைய, மற்ற மூன்று விரலும் பலகையின் முதுகில் இருக்கும்.

டீச்சர் சொன்னதை வீட்டில் சொன்னேன். அம்மா, "இன்னும் ஒரு வருஷம் குதிக்கட்டும், அப்புறம் போதும்" என்றாள். அப்பா அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, "பொருள் வாங்கறப்ப சின்னப் புள்ளைங்க கூட இருந்தா கடைக்காரன் ஏமாத்துவான்" என்றார்.

திரும்பி வந்தபோது கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம். அவர் முகத்தை வின்ச்சிலிருந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அப்படிப் பார்த்ததில்லை. விளையாட்டுச் சாமான் விற்கும் சீன முதலாளி, தவ்கேயிடம் நடந்ததை நின்றுகொண்டே சொன்னார். "அவன் மலாய்ல கேட்டான். உம் மக ஹந்தாமா, தாஹானா? அடிக்கிறவளா, தாங்கறவளா? நான் சொன்னேன், ஹந்தாம்! சும்மா இல்ல, நல்லா ஹந்தாம்! உள்ளருந்து எட்டுப் பலக கொண்டாந்து வச்சான். ஒவ்வொண்ணாத் தட்டினேன். ஆறு செத்த மரம். ஒண்ணு பரவால்ல. இது இருக்கு பாரு," காகிதத்தைப் பிரித்து விரல் முட்டியால் தட்டினார், "கேளு."

உண்மையிலேயே கணீரென்றது. நான் பிறகு எத்தனையோ பலகை கையில் எடுத்திருக்கிறேன், அந்த ஒலியை வேறு எதிலும் கேட்கவில்லை. மஞ்சளாக, நேரான கோடுகள் ஓடிய மரம். பக்கத்தில் வைத்து முகர்ந்தால் சந்தனமும் இல்லாமல் எலுமிச்சையும் இல்லாமல் ஒரு வாசனை. ஒரு பக்கம் சிவப்பு ரப்பரைக் கடையிலேயே ஒட்டிக் கொடுத்திருந்தான். மறுபக்கம் வெறும் மரம். பிடி, என் பாதி உள்ளங்கைகூட இல்லாத கட்டைப்பிடி, பேனாபோல் பிடிக்கிறவர்களுக்கானது.

அந்தக் காலத்தில் நம் ஊரில் அடித்து ஆடுகிற சீனர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் பேனாப் பிடிப்புக்காரர்கள். கைகுலுக்கும் பிடி பிடித்தவர்கள் பெரும்பாலும் தள்ளி நின்று தடுத்து ஆடுகிறவர்கள். அடிக்கிறவள் என்று அப்பா அடித்துச் சொன்னதும் தவ்கே நேர்மையாகவே தன்னிடம் இருந்ததில் நல்லதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பிடி என்று ஒன்று இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

அம்மா மட்டும் எட்டிப் பார்த்து, "இதென்ன, காம்பு ஒடஞ்ச கரண்டியாட்டம் இருக்கு?" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? சோறு கிண்டவா வாங்கியாந்தேன்?" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "எப்படி?" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். "அப்பா, இது என் பிடி இல்லை, மாத்திட்டு வரலாம்" என்று ஒரு வரி. ஆனால் அவர் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்க முடியாததால் என் குரலுக்காகக் காத்திருந்தார். "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றேன். அடுத்து நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் அடுப்பில் ஓர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, கண்ணை மரத்துக்கு அருகே வைத்து, ரப்பர் இல்லாத பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தைச் சுட்டுவிட்டார். கருகிய மரத்தின் புகை மிளகாய் நெடியோடு கலந்தது. இனி எந்தக் கடைக்காரனும் அதைத் திரும்ப வாங்க மாட்டான்.

மூன்று வாரம் நான் பேனாப் பிடி பழகிப் பார்த்தேன். கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்தது. வலப்பக்கம் வந்த பந்தை எப்படியோ அடித்தேன், இடப்பக்கம் வந்தால் என் கை எனக்கே அந்நியமாக இருந்தது. டீச்சர் ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்தி, "என்ன ஆச்சு உனக்கு? இருந்ததும் போச்சே" என்றார். வீட்டில் அப்பா தினமும் கேட்பார், "பலக பேசுதா?" நான் "பேசுதுப்பா" என்பேன். அவர் அதோடு திருப்தியாகச் சோற்றைப் பிசைவார்.

வழி சொன்னவள் என் ஜோடிதான். மேசைக்கடியில் பந்து பொறுக்கும்போது பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய மட்டை விளிம்பு பிளந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"மாத்திக்கலாம் லா," என்றாள். "எங்க மாமா மட்ட ஒண்ணு சும்மா கெடக்கு. உன் மாதிரிப் பிடிதான், நீளம். அவரு தடுத்து ஆடுறவரு, கொஞ்சம் மெதுவா இருக்கும். ஆனா புடிக்கலாம்ல?"

"அப்பா கேட்டா?"

"உங்க அப்பாவுக்குத்தான் கண்ணு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ஜெயிச்சப்புறம் சொல்லிக்கோ" என்றாள்.

மாற்றிக்கொண்டோம். அவள் மாமாவின் மட்டை பெரிய முகம், மெத்தென்ற மரம், தொட்டால் பந்து உறங்கிவிடும். ஆனால் என் கை அதில் பொருந்தியது. அடிக்கிறவளுக்கு வாங்கிய பலகையைக் கொடுத்துவிட்டுத் தடுக்கிறவரின் மட்டையோடு நான் அடிக்கப் போனேன். அப்பாவிடம், மட்டை பள்ளியிலேயே இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

ஆட்டம் ஒரு மத்தியானம். தனக்கு லீவு கிடையாது என்று அப்பா சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. முதல் செட்டில் ஆறேழு பாயிண்ட் போயிருக்கும், மண்டபத்தின் கடைசிப் பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு அப்பா. கீழ் வகுப்பில் படித்த என் தங்கை கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே, ஒரே உடுப்புப் போட்ட இரண்டு உருவங்கள் அசைவது தெரிந்திருக்கும். யார் எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்காது.

என் கையில் அவள் மாமாவின் மட்டை பொத்தென்றது. எதிரே அவர் வாங்கிய பலகை கணீரென்றது.

அவள் ஒரு பந்தை என் வலப்பக்கம் அடித்தாள். என்னால் தொட முடியவில்லை. கடைசிப் பெஞ்சிலிருந்து கைதட்டல். மண்டபத்தில் ஒரே ஒருவரின் கைதட்டல். அடுத்து இன்னொன்று, கணீர், பந்து போய்விட்டது, மறுபடியும் அவர் தட்டினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார், பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கண்ணால் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பலகை எங்கே ஒலிக்கிறதோ அங்கே தன் மகள் நிற்கிறாள் என்று நம்பி, நான் தோற்கும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது அழுகை வந்தது, ஆடவும் வேண்டியிருந்தது. என் ஜோடியும் புரிந்துகொண்டாள். பாவம், இரண்டு பந்தை வேண்டுமென்றே வலையில் போட்டாள். நான் முறைத்தேன். பிறகு ஒழுங்காக ஆடினாள். முதல் செட் போயிற்று. இரண்டாவது செட்டின் பாதியில் தங்கை அவர் காதில் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். "அப்பா, அக்கா இந்தப் பக்கம்" என்றுதான் சொல்லியிருக்கிறாள், பிறகு அவளே சொன்னாள். தட்டுவதற்கு எடுத்த கைகள் அப்படியே நின்றன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டார். மீதி ஆட்டம் முழுக்க மண்டபத்தில் அந்தப் பலகையின் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. தோற்றேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். தங்கை முன்னால் ஓடினாள். சிராங்கூன் ரோட்டில் பூக்கடைகளைத் தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பலக நல்ல பலகதான்" என்றார்.

"ஆமாப்பா."

"எப்படி அவ கைக்குப் போச்சு?"

இரண்டாவது வாய்ப்பு. உண்மையைச் சொன்னால் அவர் தப்பாக வாங்கினார் என்றாகும். கண் போய்விட்டது என்பதை வீட்டிலும் ஒருத்தி சொன்னதாகிவிடும். கங்காணி சொன்னதே போதும் என்று எனக்குத் தோன்றியது. "அவ மட்ட ஒடஞ்சு போச்சுப்பா. பாவமா இருந்துச்சு. கேட்டா, குடுத்துட்டேன்" என்றேன்.

அவர் நின்றார். "கேட்டா குடுத்துருவியா?"

நான் பைப்பட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"திருப்பிக் கேக்காத. குடுத்தது குடுத்ததுதான்" என்றார். நாலடி நடந்துவிட்டு, "கைல இருக்கறதக் காப்பாத்திக்கத் தெரியல உனக்கு" என்றார்.

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. குடை வாங்கினால் தங்கை கையில் கொடுப்பார். "அவகிட்ட குடுக்காத, யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துருவா." என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே, "எம் பொண்ணு கொஞ்சம் ஏமாளி, பாத்துக்குங்க" என்றார். அம்மா போன பிறகு அவள் வளையல்கள் தங்கையிடம் போயின, பத்திரமாக இருக்கட்டும் என்று. வளையலுக்கு நான் ஆசைப்படவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வாழ்க்கையில் நான் யாருக்கும் எதையும் அப்படித் தூக்கிக் கொடுத்தவள் இல்லை. உங்களுக்கே தெரியும், என் தைலத்தைக்கூட நீங்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் என் ஜோடியின் குடும்பம் வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போயிற்று. போகிற அன்று பலகையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அப்பா வீட்டில் இருந்தார். "வேணாம்மா, நீ வச்சுக்க, நல்லா ஆடுற" என்று அவளிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டார். லாரியில் கூடைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்து போனாள், மடியில் அது. என் எழுத்து சுட்ட பக்கம் மேலே தெரிந்தது.

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி ஜூரோங்கில் வீடு கிடைத்தது. வேலையை விட்ட அப்பா என்னோடு வந்து இருந்தார். காப்பாற்றத் தெரியாதவளோடுதான் கடைசியில் இருந்தார், பாருங்கள். ஒருவழியாக அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண் ஆபரேஷன் செய்யவைத்தேன். கட்டு அவிழ்த்து, தடித்த கண்ணாடி போட்டதும் அவர் சிறுபிள்ளை மாதிரி எல்லாவற்றையும் பார்த்தார். சுவரின் விரிசல், என் முதல் நரைமுடி, மீனின் கண். "நீ எப்ப இவ்வளவு எளச்ச?" என்று கேட்டார்.

ஒரு சாயங்காலம் தொலைக்காட்சியில் மேசைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு சீன ஆட்டக்காரர் சர்வீஸ் போடுவதைக் கிட்டத்தில் காட்டினார்கள்.

"இவன் ஏன் இப்படிப் பேனா புடிக்கிற மாதிரி புடிச்சிருக்கான்?"

"அது ஒரு பிடிப்பா. அவங்க அப்படித்தான் ஆடுவாங்க."

"காம்பு ரொம்பக் கட்டையா இருக்கே."

"அந்தப் பிடிக்கு அவ்வளவு போதும்."

கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு பக்கம் ஆடியவர் கைகுலுக்கும் பிடிக்காரர். அவருடைய மட்டையையும் பார்த்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்து, என் வலக்கையைப் பார்த்தார். துணி மடிக்கும் கையை, கண்ணாடிக்குள்ளிருந்து, ரொம்ப நேரம்.

"அன்னிக்கு நான் வாங்கியாந்தது," என்றார், "அதுவும் இப்படிக் கட்டையாத்தானே இருந்துச்சு? உங்கம்மாகூடக் கரண்டின்னா."

பதினைந்து வருடம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க ஒரே ஒரு 'ஆமாப்பா' போதும். வாய்வரை வந்தது. புதுக் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், முன்போல என் குரலுக்காகக் காத்திருக்கவில்லை. அதனால் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இல்லப்பா. அது நீளமாத்தான் இருந்துச்சு. எங்கைக்குச் சரியாத்தான் இருந்துச்சு."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். திரையில் ஆட்டம் தொடர்ந்தது, ஆனால் அவர் அதைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

"அப்புறம் ஏண்டி அத அவகிட்ட குடுத்த?" என்றார்.

நான் அடுத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.